யாரும் பார்க்காத டிவி: செட்டிநாட்டு வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பெரிய வீடுகளுக்குக் குறைவில்லை, அவற்றில் குடியிருக்கத்தான் ஆள் இல்லை. ஐந்தாறு புள்ளிகள் (தனித்தனிக் குடும்பங்கள்) புழங்கிய வீட்டில் இன்று நான்கைந்து பேர் இருந்தாலே அதிகம். மற்றவர்கள் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். பூட்டிய அறைகளுக்கு நடுவே ஒரு டிவி காலையில் தொடங்கி இரவு வரை ஓடுகிறது. ஏன் என்று கேட்டால், "வீட்ல ஆள் அரவம் இருக்கட்டும்னு போட்டு வச்சிருக்கோம்" என்பார்கள். இந்த ஆய்வு அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான்.

இதில் வரும் குடும்பம் இப்பகுதி வீடுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் நிலைமைகளைச் சேர்த்து அமைத்த மாதிரிக் குடும்பம். வீட்டுக்குள் நடப்பதாகச் சொல்லும் எண்கள் இந்த மாதிரிக்கு மட்டும் உரியவை. வெளி ஆய்வுகளிலிருந்து எடுத்தவற்றை அந்தந்த இடத்தில் ஆண்டோடு குறித்திருக்கிறோம்.

வீடும் ஆட்களும்

ஐயாவுக்கு (தாத்தா) 74 வயது, அப்பத்தாவுக்கு 68. மருமகளுக்கு 32. பேத்திக்கு 8, மூன்றாம் வகுப்பு. பேரனுக்கு 2 வயது 8 மாதம். பிள்ளைகளின் அப்பச்சிக்கு (அப்பா) சிங்கப்பூரில் வேலை, ஆண்டுக்கு ஒரு முறை வருவார். டிவி இருப்பது வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றிய தாழ்வாரத்தில். வாசல் பக்க முகப்பிலிருந்து, உள்ளே தள்ளியிருக்கும் இரண்டாங்கட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். சின்னவன் நாள் முழுக்க விளையாடுவதும் அதே தாழ்வாரத்தில்தான்.

வீட்டின் கட்டுமானத்தையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், ஆத்தங்குடி ஓடு பதித்த தரை, தேக்குத் தூண், உயர்ந்த கூரை. இவற்றில் எதுவும் ஒலியை உறிஞ்சாது, எல்லாமே திருப்பி அனுப்பும். குரங்குத் தொல்லைக்காகவோ மழைக்காகவோ வளவின் மேல் தகடு போட்டு மூடிய வீடுகளில் எதிரொலி இன்னும் கூடும். பெரியவர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. பேச்சைப் பழகாத குழந்தைக்கு இது பெரிய இடைஞ்சல். கேட்ட பாதியை வைத்து மீதியை ஊகித்துக்கொள்ளப் பெரியவர்களால் முடியும். இரண்டரை வயதில் அந்தச் சொற்களே கையில் இல்லை.

எப்படித் தெரியவந்தது

பேரனுக்கு 25 சொற்களுக்குள்தான் வருகிறது என்பது தாயின் கவலை. அதில் பாதி ஆங்கில எழுத்துகளும் நிறங்களும். "யெல்லோ" என்பான், ஒன்று முதல் பத்து வரை ஆங்கிலத்தில் சொல்வான். ஆனால் தாகம் எடுத்தால் "தண்ணி" என்று கேட்கத் தெரியாது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் பானையருகே நிறுத்துவான். இரண்டு வயதில் சுமார் 50 சொல்லும், இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதும் வந்திருக்க வேண்டும். மூன்றை நெருங்கும்போது மூன்று சொல் வாக்கியம் வர வேண்டும். "அவங்க அப்பச்சியும் லேட்டாத்தான் பேசுனான்" என்று அப்பத்தா சமாதானம் சொல்லிக்கொண்டே எட்டு மாதம் போய்விட்டது.

பேத்தியின் சிக்கல் வேறு. ஆறு மாதமாகத் தனியாக இரண்டாங்கட்டுக்குப் போக மாட்டேன் என்கிறாள். படுக்குமுன் முகப்புக் கதவின் தாழ்ப்பாளை இரண்டு முறை பார்த்துவரச் சொல்கிறாள். தம்பியிடம் சண்டை வந்தால் "உன்னைச் சும்மா விட மாட்டேன், பழி வாங்குவேன்" என்று கண்ணை உருட்டி, தலையை மெல்லத் திருப்பிச் சொல்கிறாள். அந்தத் திருப்பல் எந்த நேரத்துச் சீரியலிலிருந்து வந்தது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பேச்சுத் தாமதம் என்றால் முதல் வேலை காது கேட்கும் சோதனை. டிவியை நிறுத்திப் பார்ப்போம், ஆறு மாதம் கழித்து மருத்துவரிடம் போவோம் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டும். அங்கன்வாடி வழியாகவோ அரசு மருத்துவமனை வழியாகவோ குழந்தைகளின் வளர்ச்சித் தாமதங்களைக் கவனிக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை வாங்கலாம். இந்தச் சிறுவனுக்குக் காது சரியாக இருந்தது. ஆட்டிசம் தொடர்பான மதிப்பீட்டில், பெயர் சொன்னால் திரும்புவது, விரலால் சுட்டிக் காட்டுவது, பிறர் முகம் பார்த்துச் சிரிப்பது எல்லாம் இருந்தன. திரையால் 'விர்ச்சுவல் ஆட்டிசம்' வரும் என்று வாட்ஸ்அப்பில் பரவும் பேச்சை நம்பித் தாய் இரண்டு மாதம் அழுதிருக்கிறாள். அது அங்கீகரிக்கப்பட்ட நோய்ப் பெயரே அல்ல. ஆட்டிசத்தைத் திரை உண்டாக்குவதில்லை. திரை செய்வது வேறொன்று.

ஏழு நாள் குறிப்பு

யாரையும் எதையும் மாற்றச் சொல்லாமல் ஒரு வாரம் எழுதி வைக்கச் சொல்வதுதான் முதல் படி. கோடு போட்ட நோட்டில் நான்கு கட்டம்: எந்த நேரம், எந்தத் திரை, அதை உண்மையில் பார்ப்பவர் யார், அந்த இடத்தில் வேறு யார் இருக்கிறார். நான்காவது கட்டத்தை விட்டுவிட்டால் குறிப்பு பயனற்றது. பலர் 'குழந்தை எவ்வளவு நேரம் பார்த்தான்' என்று மட்டும் எழுதி, "அவன் டிவி பக்கமே போறதில்லை" என்று நோட்டை மூடிவிடுகிறார்கள். அரை மணிக்கு ஒரு முறை எழுத வேண்டும். இரவில் நினைவிலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும்.

இந்த வீட்டில் வந்த கணக்கு இது. காலை 6 முதல் 9 வரை பக்திப் பாட்டும் ராசிபலனும் செய்தியும். பகல் 11:30 முதல் 3 வரை சீரியல்கள். மாலை 6 முதல் 10:30 வரை மறுபடி சீரியல்கள், நடுவில் செய்தி விவாதம். மொத்தம் 11 மணி நேரம். அதில் ஒருவராவது உட்கார்ந்து பார்த்தது நாலரை மணி நேரம். மிச்சம் ஆறரை மணி நேரம் யாருக்காகவும் ஓடவில்லை. வால்யூம் எப்போதும் 34.

போனில் சின்னவன் பார்த்தது தனி. காலைச் சாப்பாட்டுக்கு 40 நிமிடம், மதியம் 45, இரவு 45, தாய் சமைக்கும்போது 40. கூட்டினால் 2 மணி 50 நிமிடம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல்படி இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்பு மட்டும் விலக்கு. இரண்டு முதல் ஐந்து வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு வெளியிட்ட வழிகாட்டலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது.

போன் கணக்கைப் பார்த்துத் தாய் பதறினாள். நியாயம்தான். ஆனால் எங்கள் பார்வையில் அதைவிடக் கனமான எண் அந்த ஆறரை மணி நேரம். போனைப் பற்றி வீட்டில் எல்லாருக்கும் குற்ற உணர்வு இருக்கிறது, யாராவது ஒருவர் கண்டிக்கிறார். யாரும் பார்க்காத டிவியை யாரும் கண்டிப்பதில்லை.

பின்னணி டிவி என்ன செய்கிறது

2008இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளைப் பொம்மைகளோடு விட்டு, அரை மணி நேரம் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சியை ஓடவிட்டார்கள், அரை மணி நேரம் நிறுத்தினார்கள். குழந்தைகள் டிவியை அதிகம் பார்க்கவில்லை, சில நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். ஆனாலும் டிவி ஓடியபோது ஒரு பொம்மையோடு அவர்கள் செலவிட்ட நேரம் குறைந்தது. எடுத்ததை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினார்கள். "பார்க்கவே இல்லையே" என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

2009இல் வந்த இன்னோர் ஆய்வில் குழந்தைகளின் சட்டையில் சிறு ஒலிப்பதிவுக் கருவி மாட்டி நாள் முழுக்கப் பதிவு செய்தார்கள். டிவி ஒலி கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்ட சொற்கள் சுமார் 770 குறைந்திருந்தன. அந்த எண்ணை நம் வீட்டுக்கு அப்படியே பெருக்கக் கூடாது. ஊர் வேறு, வீடு வேறு, அது தொடர்பைக் காட்டும் ஆய்வே தவிரக் காரணத்தை நிறுவும் ஆய்வு அல்ல. ஆனால் எந்தத் திசையில் இழுக்கிறது என்பதை இந்த வளவில் உட்கார்ந்தே பார்க்கலாம். அப்பத்தா வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார், சின்னவன் ஒரு புளியங்கொட்டையை எடுத்து நீட்டுவான். டிவி ஓடாத வேளையில் "அட, புளியங்கொட்டையா? எங்க கெடந்துச்சு? இன்னொண்ணு எடு, பல்லாங்குழில போடுவோம்" என்று பத்துப் பன்னிரண்டு சொல் விழும். டிவி ஓடும் வேளையில் கை மட்டும் அதை வாங்கி வைத்துக்கொள்ளும், கண் திரையில் இருக்கும். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை புளியங்கொட்டை.

டிவிக்குள்ளும் ஆள் பேசத்தானே செய்கிறார், அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டுமே என்று கேட்பவர்களுக்கு 2003இல் வந்த ஆய்வு பதில் தரும். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் சீன மொழியை 12 அமர்வுகளில் கேட்கவைத்தார்கள். நேரில் ஒருவர் விளையாடிப் பேசியபோது அந்த மொழியின் ஒலி வேறுபாடுகளைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. அதே பேச்சை வீடியோவில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. குழந்தை காட்டும் பொருளுக்குப் பெயர் சொல்ல, அது பார்க்கும் திசையில் திரும்ப, வீடியோவால் முடியாது. யூடியூப் பாட்டில் "யெல்லோ" கற்ற பையன் மஞ்சள் பூசணிப் பூவைப் பார்த்து எதுவும் சொல்லாததன் காரணம் இதுதான்.

பேத்தியின் பயம்

அவள் வீட்டுப்பாடம் எழுதும் நேரமும் ஐயாவின் செய்தி நேரமும் ஒன்று. ஒரே குற்றச் செய்தியை ஒரு மாலையில் ஆறு முறை காட்டுவார்கள். எட்டு வயதுக்கு அது ஆறு தனித்தனிக் குற்றமாகத் தெரியும், எல்லாமே பக்கத்து ஊரில் நடந்ததாகத் தெரியும். நிறைய டிவி பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளதைவிடக் கொடியதாக எண்ணிக்கொள்வதை ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஆய்வாளர் விரிவாக எழுதியிருக்கிறார். அதோடு உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வரும் 'பிள்ளை பிடிக்கும் கும்பல்' குரல் பதிவு ஒலிபெருக்கியில் ஓடுகிறது. இதை அற்பமாக நினைக்க வேண்டாம். 2018இல் இதே வகை வதந்தியை நம்பித் தமிழ்நாட்டில் ஒன்றுமறியாதவர்களை அடித்துக் கொன்றிருக்கிறார்கள். பெரியவர்களையே அந்த அளவுக்குக் கொண்டுபோகும் செய்தி, ஆளில்லாத பெரிய வீட்டில் படுக்கும் சிறுமியை என்ன செய்யும்?

சீரியலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் தவறு. தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களில் கேபிள் டிவி புதிதாக நுழைந்த கிராமங்களை வைத்து 2009இல் ஜென்சனும் ஆஸ்டரும் வெளியிட்ட ஆய்வில், மனைவியை அடிப்பதை ஏற்கும் மனநிலையும் ஆண் பிள்ளையே வேண்டும் என்ற ஆசையும் பெண்களிடம் குறைந்திருந்தன. அப்பத்தாவின் சீரியலுக்குள் வஞ்சகமும் உண்டு, தனியாகத் தொழில் நடத்தும் பெண்ணும் உண்டு. எதைப் பேத்தி எடுத்துக்கொள்வாள் என்பது பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவரைப் பொறுத்தது.

முதல் முயற்சி ஏன் தோற்றது

குறிப்பைப் பார்த்த மறுநாளே மருமகள் டிவியை வளவிலிருந்து எடுத்து ஒரு பக்க அறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். மூன்றாம் நாள் டிவி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அந்த அறையில் காற்றில்லை, நிலைப்படி உயரம், அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. அதைவிட முக்கியமானது வேறு. மாலையில் பக்கத்து வீட்டு ஆச்சிகள் இருவர் வந்து உட்காருவது அந்தத் தாழ்வாரத்தில்தான். சீரியல் ஒரு சாக்கு, பேச்சுத்தான் அவர்களுக்கு வேண்டியது. டிவி போனதும் ஆச்சிகள் வருவது நின்றது. "இந்த வீட்ல எனக்கு இருக்கிறதே அந்த ரெண்டு நாடகந்தான், அதையும் புடுங்கிட்டா" என்று அப்பத்தா சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். அவர் சொன்னதில் தவறே இல்லை. வயதானவரின் துணையைப் பிடுங்கிக் குழந்தைக்குப் பேச்சு வாங்கும் திட்டம் எந்த வீட்டிலும் நிற்காது.

இரண்டாம் முயற்சி

வால்யூம் 34இலிருந்து தொடங்கினோம். அவ்வளவு ஒலி எதற்கு? காது மருத்துவரிடம் காட்டியதில் அப்பத்தாவுக்கு இரண்டு காதிலும் வயது காரணமாகக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. டிவியை அலறவிடும் வீடுகளில் முதலில் சோதிக்க வேண்டியது மூத்தவரின் காது.

காதுக் கருவிக்கு அவர் உடனே ஒப்பவில்லை. ஹெட்போனும் வேண்டாம் என்றார், யாராவது கூப்பிட்டால் கேட்காதே என்ற பயம். அதனால் ஒரு சிறிய ஒலிபெருக்கியை அவர் நாற்காலியின் கைப்பிடியருகே வைத்து, 5 மீட்டர் கம்பியால் டிவியோடு இணைத்து, டிவியின் சொந்த ஒலியை நிறுத்தியாயிற்று. ஒலிபெருக்கி காதுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு குறைந்த ஒலி போதும். தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் கூடிக் கேட்கும். புளூடூத் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் சிலவற்றில் ஒலி கொஞ்சம் பிந்தி வரும். உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்றானால் அப்பத்தா முதல் நாளே கழற்றி வைத்துவிடுவார். கம்பி தரையில் கிடந்தால் இடறும், சுவரோரம் ஒட்டிவிட வேண்டும். தாழ்வாரத்தில் இரண்டு கோரைப் பாயும் ஒரு தடித்த ஜமக்காளமும் விரித்ததில் எதிரொலியும் கொஞ்சம் அடங்கியது.

பிறகு நேரம். அப்பத்தாவின் இரண்டு சீரியல்களும், 7 முதல் 8 வரை, அவருக்கு முழுதாக உரியவை. அந்த ஒரு மணி நேரம் யாரும் குறுக்கே போகக் கூடாது, ஆச்சிகளும் வரலாம். 8 மணிக்கு ரிமோட்டால் டிவியை அவரே அணைப்பார். பகலில் 1 முதல் 2:30 வரை, சின்னவன் தூங்கும் நேரம், செய்தி உட்பட எது வேண்டுமானாலும். காலையில் அரை மணி பக்திப் பாட்டு. ஐயா மாலைச் செய்தியை விட்டுவிட்டுக் காலை நாளிதழோடு நிறுத்திக்கொண்டார். இது எளிதாக நடக்கவில்லை, பத்து நாள் முணுமுணுப்பு இருந்தது. அவருக்கு மாலை 5 முதல் 6 வரை பேரனை ஊருணிக் கரைக்கு அழைத்துப்போகும் பொறுப்பு வந்தபின் அது குறைந்தது. அந்த ஒரு மணி நேரம்தான் தாய்க்கும் கை ஓயும் நேரம். போனைப் பிடுங்கும்போது, போன் அவளுக்குத் தந்துகொண்டிருந்த ஓய்வை வேறு யார் தருவார் என்று முடிவு செய்யாவிட்டால், ஒரு வாரத்தில் போன் திரும்பிவிடும்.

பேத்தி இரண்டு சீரியலில் ஒன்றை மட்டும் அப்பத்தாவோடு பார்க்கலாம். விளம்பர இடைவேளையில் அப்பத்தா ஒரு கேள்வி கேட்பார்: "இவ ஏன் பொய் சொன்னா? நேராச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?" விளம்பரத்துக்கும் ஒரு விளையாட்டு. என்ன விற்கிறார்கள், விலை சொன்னார்களா, சாப்பிட்டவுடன் யார் சிரித்தார்கள் என்று நோட்டில் மூன்று கோடு. விளம்பரம் நம்மை வாங்கவைக்க எடுத்தது என்பது ஏழெட்டு வயதுக்கு முன் குழந்தைகளுக்குப் பிடிபடாது. அவள் வயது அதைக் கற்கச் சரியான வயது.

போனில்லாச் சாப்பாடு

மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. எல்லாரும் களைத்திருக்கும் இரவை முதலில் தொடவே கூடாது. மாலைப் பலகாரத்தில் தொடங்கினோம்: கும்மாயம் என்ற செட்டிநாட்டு இனிப்பு ஒரு சின்னக் கிண்ணம், ஐயாவின் தட்டுக்குப் பக்கத்தில் அவனுக்கும் ஒரு தட்டு. நான்காம் நாள் காலை இட்லி, இரண்டாம் வாரம் மதியம், மூன்றாம் வாரம் இரவு. ஒரு வேளைக்கு 20 முதல் 25 நிமிடம், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தட்டை எடுத்துவிட வேண்டும். அடுத்த வேளைக்கு முன் இரண்டு மணி நேரம் பிஸ்கட், பால் எதுவும் இல்லை. நாளுக்கு 800 மில்லி பால் குடித்தவனுக்குப் பசி எங்கிருந்து வரும்? அதை 400 ஆக்கினோம்.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை அழுகை குறையாது, கூடும். இதைத் தாயிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நான்காம் நாள் மனம் இளகிப் போனைக் கொடுத்தால், 'இவ்வளவு நேரம் அழுதால் கிடைக்கும்' என்றுதான் குழந்தை கற்றுக்கொள்ளும், அடுத்த முறை இன்னும் நீளமாக அழும். முதல் வாரம் பாதிதான் சாப்பிடுவான். எடையை வாரம் ஒரு முறை பாருங்கள், தினமும் வேண்டாம். எடை இறங்கிக்கொண்டே போனாலோ, தண்ணீரும் குடிக்க மறுத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தூக்கத்துக்கும் இதே பொறுமை வேண்டும். 10:45க்குப் படுத்தவனை மூன்று நாளுக்கு 15 நிமிடம் வீதம் முன்னுக்குக் கொண்டுவந்தால் 21 நாளில் 9 மணி ஆகும். கடைசி ஒரு மணி நேரம் எந்தத் திரையும் இல்லை, வெளிச்சமும் மங்கலாக.

சிங்கப்பூர் அழைப்பு

அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. வேலை முடிந்து அப்பச்சி அழைக்கும் இரவு 10 மணி, இங்கே 7:30. சீரியல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் மோதும் நேரம். போனைச் சின்னவன் கையில் கொடுத்துவிட்டு எல்லாரும் சீரியலுக்குத் திரும்பிவிடுவார்கள், அழைப்பு முடிந்ததும் அவன் விரல் யூடியூபுக்குப் போய்விடும். வாரத்தில் நான்கு நாள் அழைப்பை மாலை 6:15க்கு மாற்றினோம், அங்கே 8:45. போன் ஒரு செம்பில் சாய்ந்து நிற்கும், கையில் கிடையாது. பக்கத்தில் அம்மா. பத்து நிமிடம் போதும். "சாப்பிட்டியா, நல்லா இருக்கியா" என்ற கேள்விகள் இரண்டரை வயதுக்கு உதவாது. ஒரு பொருள் வேண்டும். ஊருணிக் கரையில் பொறுக்கியதை அவன் காட்ட, அப்பச்சி பெயர் சொல்லி, அதே போல ஒன்றைத் தன் பக்கத்திலும் தேடிக் காட்ட வேண்டும். முடிந்ததும் போன் அலமாரிக்குப் போகும்.

12 வாரம் கழித்து

டிவி 11 மணியிலிருந்து 4 மணியாக இறங்கியது, திட்டமிட்ட 3 மணிக்கு வரவில்லை. சாப்பாட்டில் போன் இல்லை. சமைக்கும்போது இன்னும் 20 நிமிடம் இருக்கிறது, அதை விட்டுவைத்தோம். சொற்கள் 90ஐத் தாண்டின. "ஐயா வா", "தண்ணி தா" என்று சேர்த்துச் சொல்கிறான். வயதுக்கு இது இன்னும் குறைவுதான், பேச்சுப் பயிற்சி வாரம் ஒரு முறை தொடர்கிறது. பேத்தி இரண்டாங்கட்டுக்கு விளக்குப் போட்டுவிட்டுத் தனியாகப் போகிறாள், தாழ்ப்பாளை மட்டும் இன்னும் ஒரு முறை பார்க்கச் சொல்கிறாள். அப்பத்தா காதுக் கருவிக்கு அளவு கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்.

சரியாகாத இடங்களும் உண்டு. கிரிக்கெட் போட்டி நடக்கும் வாரங்களில் நேர அட்டவணை உடைகிறது. இன்னொன்று விசேஷம். பங்காளிகள் கூடும் நாளில் முகப்பு முழுக்கப் பிள்ளைகள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன். அந்த நாளில் ஒருவனை மட்டும் தடுக்க முடியாது. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வருவதற்குள் மற்றப் புள்ளிகளோடு முன்கூட்டியே பேசி, முகப்பில் பெரிய ஓலைக் கொட்டான் (கூடை) ஒன்று வைத்து, உள்ளே வரும் போன்கள் மாலை வரை அதில் இருக்க வேண்டும் என்று அப்பத்தா பெயரில் சொல்லி வைத்திருக்கிறார்கள். மருமகள் சொன்னால் கேட்காதவர்களும் அப்பத்தா சொன்னால் போடுவார்கள்.